நான் கற்றுக்கொள்ளாத கஞ்சி

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். அது நான் போட்ட சபதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போட்டேன். இந்த ஜென்மத்தில் அடுப்பைத் தொடமாட்டேன். எந்த டப்பாவில் எது இருக்கிறதென்று கேட்கமாட்டேன். சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதவனாகவே வாழ்ந்து முடிப்பேன்.

சும்மா போட்ட சபதமில்லை. அதற்குச் சற்று முன்புதான் இதய டாக்டர் இவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னோடு தனியாகப் பேசினார். இவள் என்றால் என் மனைவி. இதயம் களைத்துப் போய்விட்டது என்றார். மாத்திரையில் ஓட்டலாம், எத்தனை நாளென்று சொல்ல முடியாது, உப்பைக் குறையுங்கள், தண்ணீரை அளந்து கொடுங்கள், நீங்களும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். நானும் தயார் பண்ணிக்கொண்டேன், ஆனால் அவர் சொன்ன பக்கமாக இல்லை.

என் யோசனை இதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் ஒரு வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. தைக்க உட்கார்ந்தால் கடைசிப் பித்தான் வரை தைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அப்படிப்பட்டவள், வெந்நீர் வைக்கத் தெரியாத ஒரு கிழவனை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவாளா? மனசு வராது. ஆகவே நான் எவ்வளவுக்கெவ்வளவு உதவாக்கரையாக இருக்கிறேனோ, அவ்வளவுக்கவ்வளவு இவள் ஆயுள் கெட்டி. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் என் பங்குக்குச் சோம்பேறித்தனத்தை எழுதிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். பயந்துபோனவன் யோசனை இப்படித்தான் இருக்கும்.

சாப்பாட்டைத் தெருமுனை மெஸ்ஸிலிருந்து கேரியரில் வரவழைத்தோம். தூர ஊரில் இருக்கிற மகள் போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். ஆனாலும் காலையில் தேநீர், இவளுக்கு உப்பில்லாத கஞ்சி, குளிக்க வெந்நீர் எல்லாம் இவள் கையால்தான். அடுப்புக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து செய்வாள். நடுவில் மூச்சு வாங்கும். கரண்டியை வைத்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் சபதமாவது சாணியாவது என்று எழுந்தே விட்டேன். அடுக்களை வாசல் வரை போய்த் திரும்பி வந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பேப்பர் நனைந்தது.

இவளும் விடவில்லை. நைசாக ஆரம்பிப்பாள்.

"என்னங்க, சும்மா இருக்கறப்ப ஒரு டீ போடக் கத்துக்கலாமில்ல?"

"எதுக்கு? நீ இருக்கியே."

"இருக்கேன். நாளைக்கு?"

"நாளைக்கும் நீதான் போடுவே."

இவள் என்னையே பார்த்தாள். என் கணக்கு இவளுக்குப் புரிந்ததா என்று எனக்குப் புரியவில்லை. பேச்சு அத்தோடு நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

என் உத்தியோகத்தைச் சொல்லவில்லையே. நான் பஸ் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறினால், டிக்கெட் இல்லாதவன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தூங்குகிற மாதிரி நடிப்பவன், பையைக் குடைபவன், பக்கத்தில் இருப்பவர் வாங்கிவிட்டார் என்று கை காட்டுபவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. ஊரில் உள்ள ஏமாற்று வித்தை எல்லாம் எனக்குத் தெரியும். ஒருமுறைகூட நானே செய்து பார்த்ததில்லை என்பதுதான் குறை. இந்தக் குறை இவளுக்குத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆராய்ச்சி சிஸ்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். நர்ஸிங் கல்லூரியில் பாடம் எடுப்பவளாம். வயதானவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள், உடம்பும் மனசும் எப்படி என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். ஆஸ்பத்திரியில் இவளைப் பார்த்துப் பேசி விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். தோளில் பெரிய பை. அதிலிருந்து எடை பார்க்கும் மிஷின், பிரஷர் மிஷின், டேப், கையால் அழுத்திப் பார்க்கிற ஒரு இரும்புப் பிடி என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தாள்.

விளக்கினாள், விளக்கினாள், அப்படி விளக்கினாள். காது மந்தம் என்று நான் மாட்டியிருந்த காது மிஷினின் பொத்தானை மெதுவாகத் திருப்பி அணைத்துவிட்டேன். பேட்டரி வீணாகப் போகிறதே. இவளுடைய வியாதி, இவளுடைய ஆராய்ச்சி, இவள் கேட்டுக்கொள்ளட்டும். சிஸ்டரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். மரியாதைக்கு நான் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். கடைசியில் காகிதத்தை நீட்டி இடத்தைக் காட்டினாள். புருஷன் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்து கேட்கிறாள் என்று நினைத்து, கம்பீரமாகப் போட்டேன்.

அவள் போனதும் காது மிஷினை மறுபடி போட்டேன். என்ன விஷயம் என்று இவளைக் கேட்டேன்.

இவள் சொன்னது இது. வாரா வாரம் சிஸ்டர் வருவாள். எடை பார்ப்பாள், கால் வீக்கம் பார்ப்பாள், மூச்சைக் கேட்பாள், ஏதாவது மாறுதல் தெரிந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்வாள். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போவாள். அதை இவள் தன் கையால் செய்து பழக வேண்டும். செய்யாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், சிஸ்டர் வரமாட்டாள்.

"முதல் வாரம் என்ன வேலை?"

"அடுப்புக்கிட்ட நின்னு கஞ்சி வைக்கணுமாம். ஸ்டூல் கூடாதாம். எனக்கு நிக்க முடியாதே." இவள் பெருமூச்சு விட்டாள். "போகட்டும் விடுங்க. சிஸ்டர் வராட்டி என்ன, டாக்டர்கிட்டப் போய்க் காட்டிக்கலாம்."

டாக்டரிடம் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். போன தடவை போய் வந்ததில் இவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. வீடு தேடி வருகிற ஒரு சிஸ்டரைக் கை நழுவ விடுவதா? நான் யோசித்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, இவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க செஞ்சுட்டு நான் செஞ்சேன்னு சொன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனா அது ஏமாத்து வேலை. உங்களுக்கு வராது."

எனக்கா வராது?

சபதம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் தயாராக இருந்தது. சபதத்தின் சாரமே கற்றுக்கொள்ளமாட்டேன் என்பதுதானே. இது கற்பதல்ல, மோசடி. மோசடி வேறு, படிப்பு வேறு. பரீட்சையில் காப்பி அடித்தவனை யாராவது படித்தவன் என்பார்களா?

இவள் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் அடுக்களையில் செய்தேன். அரிசியைக் கழுவுங்க என்றாள். கழுவினேன், பாதி அரிசி தண்ணீரோடு போயிற்று. அடுப்பைக் குறைங்க என்றாள். எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்று தெரியாமல் அணைத்தேன். திரும்பப் பற்றவைத்தேன். அடியில் பிடித்து மேலே வேகாமல் நடுவில் மட்டும் கஞ்சியாக ஒன்று வந்தது. பாத்திரத்தை வெறும் கையால் பிடித்ததில் இரண்டு விரல் கொப்பளித்தது. இவள் அதை ஒரு கிண்ணம் குடித்தாள். முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.

சிஸ்டர் வந்தாள். பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள், ஸ்பூனால் ஒரு சொட்டு ருசி பார்த்தாள். யார் வைத்தது என்று கேட்டாள். என் உத்தியோக அனுபவம் அத்தனையையும் திரட்டி, கண் இமைக்காமல் சொன்னேன்.

"அம்மாதான் வெச்சாங்க. நின்னுக்கிட்டே வெச்சாங்க."

சிஸ்டர் இவளைப் பார்த்தாள். இவள் விட்டத்தைப் பார்த்தாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு என் கையை இழுத்து விரலில் களிம்பு போட்டாள். கதவில் நசுங்கிவிட்டது என்றேன். துணி வைத்துப் பிடித்தால் கதவு நசுக்காது என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? எவனெவனையோ பிடித்தவன், என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி டிக்கெட் இல்லாமல் பயணம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு நான் வெறி பிடித்தவனாகிவிட்டேன். மோசடியில் இவ்வளவு ருசி இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பஸ்ஸில் எத்தனையோ பேரை மன்னித்திருப்பேன். இரண்டாவது கஞ்சி அடிப்பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை இவள் கட்டிலிலிருந்து குரல் கொடுக்கவே தேவைப்படவில்லை. தேநீர் போட்டேன். முட்டை வேகவைத்தேன். துணி துவைத்து, உதறி, மடித்து வைத்தேன். வேலை எல்லாம் என்னுடையது, பெயர் எல்லாம் இவளுடையது. சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் யார் செய்தது என்பாள், அம்மாதான் என்பேன். அவள் சிரித்துக்கொண்டு குறித்துக்கொள்வாள். இவ்வளவு ஏமாளியை யார் ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள் என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் மாத்திரை அடுக்கும் வேலை. எந்த மாத்திரை எதற்கு, எந்த வேளைக்கு என்று பார்த்து எடுத்து வைக்க வேண்டும். இவளுடைய மாத்திரைகளை எடுத்தேன். அவை வேண்டாம், அதில் தப்பு வந்தால் ஆபத்து, உங்கள் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் அடுக்குங்கள் என்றாள் இவள். சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவாளே என்றேன். எல்லா மாத்திரையும் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றாள். சரியாகப் பட்டது. அதுவரை என் மாத்திரையை இவள் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பாள், நான் வாயில் போட்டுக்கொள்வேன். அன்றுதான் எனக்கு என்ன வியாதி என்றே எனக்குத் தெரிந்தது.

அப்புறம் வந்தது பெரிய சோதனை. வெளி ஆள் ஒருவரோடு தினமும் பேச வேண்டும். இவளால் படி இறங்க முடியாது, அதனால் இவள் சார்பில் நான் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். யாரிடம்? எதிர்வீட்டு ரிட்டயர்டு தபால்காரரிடம். காலாவதியான பாஸை நீட்டினார் என்று ஒரு காலத்தில் பஸ் நிறைய ஆட்கள் பார்க்க அவருக்கு அபராதம் போட்டவன் நான். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வெளியே வந்தால் நான் உள்ளே போவேன், நான் வெளியே வந்தால் அவர் துப்புவார்.

வேறு யாராவது கிடைக்கமாட்டார்களா என்று இவளிடம் கெஞ்சினேன். சிஸ்டர் அவர் பெயரைத்தான் குறித்துக்கொண்டு போனாள் என்றாள். போனேன். வாசலில் நின்று, என் மனைவி உங்களை நலம் விசாரிக்கச் சொன்னாள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்க வீட்டம்மாவுக்கு எப்படியிருக்கு என்று கேட்டார். நல்லாயிருக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்ல முடியவில்லை. அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவருடைய மனைவி எப்படிப் போனாள் என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் அவரே வந்து கூப்பிட்டார். இவளுக்காகப் போகிறேன் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வாரா வாரம் சிஸ்டர் என்னையும் விடமாட்டாள். இரும்புப் பிடியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்வாள். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டுப் பார்ப்பாள். துணைக்கு இருப்பவரையும் ஒப்புக்கு அளப்பார்களாம், இவள்தான் சொன்னாள். கேள்வியும் கேட்பாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, தனிமையாக இருக்கிறதா என்றெல்லாம். தனிமையா, இவள் வாயை மூடினால்தானே என்பேன். இவள் சிரிப்பாள், சிரிப்பு இருமலில் போய் முடியும். சிஸ்டர் முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். தனியாக இருக்க வேண்டி வந்தால் சமாளிப்பீர்களா? இதற்கு மட்டும் நான் சிஸ்டரைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. இவளைப் பார்த்துச் சொல்வேன்.

"மாட்டேன்."

இவள் காதில் நன்றாக விழுகிற மாதிரி சொல்வேன்.

நாள் ஆக ஆக இவள் இளைத்துக்கொண்டே வந்தாள். கால் மட்டும் வீங்கியது. இரண்டு தலையணை வைத்துப் படுத்தவள் நாலு தலையணைக்கு வந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். பசி என்ற சொல்லே இவள் வாயிலிருந்து வருவதில்லை. ஒரு ஸ்பூன் கஞ்சிக்குக் கெஞ்ச வேண்டும். சிஸ்டர் டாக்டருக்குப் போன் மேல் போன் செய்து மாத்திரையை மாற்றிப் பார்த்தாள். சிஸ்டர் வந்தால்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

அந்தச் சிஸ்டர்தான் ஒருநாள் பையை மூடிக்கொண்டே, இதுதான் கடைசி வாரம், இந்த வீட்டில் நினைத்ததைவிட நன்றாகத் தேர்ச்சி வந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரியிலிருந்து வேறு நர்ஸ் வந்து அம்மாவைப் பார்ப்பார் என்று சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்ச்சியா? யாருக்கு? நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாதவள் தேறிவிட்டாளா? என் மோசடியே என் தலையில் விடிந்துவிட்டது. நான் நன்றாகக் கஞ்சி வைத்ததால் இவளுக்குப் பழகிய ஒரே துணையும் போகிறது.

சிஸ்டர் படி இறங்கும்போது பின்னாலேயே ஓடினேன். தெருவாசலில் பிடித்தேன்.

"சிஸ்டர், நிறுத்திடாதீங்க. உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அவ ஒண்ணுமே செய்யலை. கஞ்சி, டீ, துணி, மாத்திரை, எல்லாம் நான்தான் செஞ்சேன். உங்களை ஏமாத்திட்டேன். அவ தேறலை."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"நீங்கதான் செஞ்சீங்கன்னு தெரியும். நீங்க செய்யணும்னுதானே நான் வந்தேன். இந்த ஆராய்ச்சியில இருக்கறது நீங்கதான் சார். அம்மா இல்லை."

யார், நானா என்று கேட்டேன்.

அவளே பொறுமையாகச் சொன்னாள். பிழைக்க வழியில்லாத வியாதியில் கணவனோ மனைவியோ படுத்திருக்கும்போதே, கூட இருக்கிற வயதானவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டால், பிறகு தனியாக ஆகும்போது அவர் உடம்பும் மனசும் அவ்வளவாக இடிந்து போகாமல் இருக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சியாம். ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டதும் இவளே தேடி வந்து, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். முதல் நாளே சிஸ்டர் எனக்கு வரிவரியாக விளக்கினாளாம், நான் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினேனாம். பேசாமல் தலையாட்டினதைப் பார்த்து, மனசைத் திடப்படுத்திக்கொண்ட பெரிய மனிதர் என்று நினைத்தாளாம்.

"அப்ப நான் அம்மாதான் செஞ்சாங்கன்னு சொன்னப்ப?"

"அதையும் அம்மா முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க. அவருக்கு ரொம்பக் கூச்சம், செஞ்சதைச் சொல்லிக்கமாட்டார், என் பேரைச் சொல்வார், நீங்க கண்டுக்காதீங்கன்னு." அவள் பையைத் தரையில் வைத்தாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது சார். மன்னிச்சிடுங்க. நீங்க வேணாம்னா இப்பவே உங்க பேரை எடுத்துடறேன். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

"பேரை எடுத்துடலாம் சிஸ்டர். கத்துக்கிட்டதை எப்படி எடுக்கறது?"

பாவம், அவள் மேல் தப்பில்லை. நான் மாடியேறினேன்.

இவள் நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"காது மிஷினைப் போட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

"ஏன்மா இப்படிப் பண்ணினே?"

"கத்துக்கோங்கன்னு சொன்னா கத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

எனக்குக் கோபம் பொங்கியது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத சபதத்தை அவிழ்த்துக் கொட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாமலிருந்தால் நீ போகமாட்டாய் என்று நினைத்தேன், அதற்காகத்தான் நீ மூச்சு வாங்க வாங்க அடுப்பெரித்ததைக்கூடக் கல்லாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாயே என்று கத்தினேன். கத்தும்போதே அழுதேன். இவள் அழவில்லை. மூச்சு சேரும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"தெரியும். பேப்பருக்குப் பின்னாடி அழுதீங்களே, அன்னைக்கே தெரியும். எனக்கு மட்டும் போகணும்னா இருக்கு? பிடிச்சு நிறுத்தற மாதிரி இருந்தா நான் நின்னிருக்கமாட்டேனா? நிக்க முடியலைங்க. போறவ நிம்மதியா போறதா, நீங்க பட்டினி கிடப்பீங்கன்னு பதறிக்கிட்டே போறதா? அதை மட்டும்தான் என்னால மாத்த முடிஞ்சது."

நான் எழுந்தேன். இதோ பார், இன்றிலிருந்து அடுப்புப் பக்கம் போகமாட்டேன், கஞ்சி மறந்துவிட்டது, டீ மறந்துவிட்டது, எதிர்வீட்டுக்காரரோடு பேச்சு கிடையாது, மாத்திரையை நீ கையில் கொடுத்தால்தான் போடுவேன் என்று அறிவித்தேன். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், எனக்கு ஒன்றும் தெரியாது, என்ன செய்வாய் என்று கேட்டேன்.

இவள் மெல்லச் சொன்னாள்.

"பசிக்குதுங்க."

எத்தனை நாளாக நான் கேட்கத் தவித்த சொல்! நான் அடுக்களையில் இருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அரிசி கழுவியாயிற்று, அடுப்பு எரிகிறது, கஞ்சி கொதிக்கிறது. அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டேன். இந்த ஒரு தடவை தீய்த்துவிடலாம். கருகின கஞ்சியைக் கொண்டுபோய் நீட்டினால், அடடா இந்த ஆள் இன்னும் தயாராகவில்லையே என்று இவள் கொஞ்ச நாள் தள்ளிப் போடமாட்டாளா? கரண்டியைக் கீழே வைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தீயட்டும் என்று நின்றேன். கஞ்சி பொங்கி விளிம்புக்கு வந்தது. என் கை தானாகப் போய் அடுப்பைக் குறைத்தது. இன்னொரு கை கரண்டியை எடுத்துக் கிளறியது. அடிப்பிடிக்காமல், கட்டி தட்டாமல், இவளுக்குப் பிடித்த பதத்தில் அது வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிண்ணத்தில் ஊற்றி, ஆற்றி, எடுத்துப் போனேன். இவள் இரண்டு ஸ்பூன் குடித்தாள். மூன்றாவதுக்கு வாயைத் திறக்கவில்லை. இவளுக்குப் பசியே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நல்லாயிருக்கு" என்றாள். "இனிமே எனக்குக் கவலையில்லை."

நல்லாயில்லை என்று சொல்லேன் என்று கெஞ்சினேன். இவள் என் கொப்பளம் ஆறிய விரலைத் தடவிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. ஒருநாள் காலையில், நாற்காலியில் சாய்ந்தபடியே, எனக்குச் சிரமம் கொடுக்காமல் போய்விட்டாள். மகள் வந்தாள். உறவுக்காரர்கள் வந்தார்கள். தபால்காரர் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சிஸ்டர் வந்து மூலையில் நின்று அழுதாள். காரியங்கள் முடிந்து, என்னோடு வந்துவிடுங்கள் அப்பா என்று மகள் கூப்பிட்டாள். நான் வரவில்லை என்றேன். எல்லாரும் போனார்கள். வீடு காலியாயிற்று.

அன்று இன்னொரு சபதம் போட்டேன். இனிச் சாப்பிடப் போவதில்லை. இவள் இல்லாத வீட்டில் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டேன். இவள் திட்டம் தோற்றுப் போகட்டும், எங்கிருந்தாவது பார்த்துப் பதறட்டும், அப்போதாவது திரும்பி வருகிறாளா பார்ப்போம். நாற்காலியை அடுக்களைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்குள் பசித்துவிட்டது. கஞ்சி வைத்தேன். பாழாய்ப்போன கஞ்சி, நன்றாகவே வந்திருந்தது.